சார் வரலையா?

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஹார்டுவேர் கடை ஒன்றில், ஒரு சனிக்கிழமை காலை, குளியலறைக் கை ஷவருக்கு ஹோஸ் கேட்டுக்கொண்டு நின்றிருந்தேன். கவுன்ட்டரில் என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள். எனக்குப் பின்னால் வந்த இருவர் பொருளை வாங்கிக்கொண்டு போயும்விட்டார்கள். கடைசியில் கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். மரியாதையாகத்தான் கேட்டார்: "சார் வரலையா மேடம்? வந்திருந்தா சைஸ் கரெக்டா சொல்லியிருப்பாரு."

எங்கள் வீட்டில் 'சார்' கிடையாது. நானும் அம்மாவும்தான். போன ஆண்டு கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் குளிக்கிறார். கை ஷவர் இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தானே குளித்துவிடுவார். அது இல்லையென்றால் நான் பக்கத்தில் நின்று மொண்டு ஊற்ற வேண்டும். புதன்கிழமை ஹோஸ் நடுவில் வெடித்தது. அடுக்ககத்துக்கு வழக்கமாக வரும் பிளம்பர் "நாளைக்குக் காலையில வந்துடறேன்" என்றார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அதே பதில். வெள்ளிக்கிழமை அம்மா, "இன்னிக்குக் குளியல் வேணாம், விடு" என்று சொல்லிவிட்டார். எழுபத்தெட்டு வயதில், மகளே ஆனாலும் இன்னொருத்தி முன்னால் நிர்வாணமாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காத ஒருவரின் வெட்கம் அந்த 'விடு'வில் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றரை மீட்டர் குழாய்தான். என் அம்மாவுக்கு வேண்டியிருந்தது சாத்திய கதவு.

கடைக்காரரின் கேள்வியை அன்றைக்கு முழுக்க என்னால் விட முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. எல்லா ஹார்டுவேர் கடையிலும் எல்லாப் பெண்களிடமும் கேட்கப்படுகிற கேள்வி அது. ஆனாலும் அதை ஒரு பிரதியைப் போல எடுத்து வாசிக்கலாம். அதில் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன: குழாய் விஷயத்தில் 'சைஸ்' என்று ஓர் இரகசியம் இருக்கிறது; அது ஆண்களுக்குத் தெரியும்; அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவளுக்குத் தெரியாது. மூன்றும் பொய் என்பதை அந்த ஹோஸே சொல்கிறது.

முதலில் சைஸை எடுத்துக்கொள்வோம். நம் கடைகளில் கை ஷவருக்கும் ஹெல்த் ஃபாசெட்டுக்கும் விற்கிற ஹோஸ்களில் ஏறக்குறைய எல்லாமே, இரண்டு முனையிலும் அரை இஞ்ச் நட் உள்ளவை. 'சார்' வந்து சொல்லக்கூடிய சரியான சைஸ் என்பது அநேகமாக ஒன்றே ஒன்றுதான். அந்த அரை இஞ்ச்சும் அளந்தால் அரை இஞ்ச்சாக இருக்காது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால், அது மாட்டும் குழாய் முனையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் வரும். பழைய இரும்புக் குழாய்களை அவற்றின் உள்விட்டத்தை வைத்து அழைத்த வழக்கம், குழாய் மாறிய பிறகும் பெயராகத் தங்கிவிட்டது. மரை அளவு பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனது. 1841இல் ஜோசஃப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டக்கூடாது, எல்லோருக்கும் ஒரே அளவு வேண்டும் என்று முன்வைத்த முறையின் வழியில் வந்தது அது. இஞ்சுக்கு 14 மரை. அந்த ஏற்பாட்டின் நோக்கமே யார் வேண்டுமானாலும், எங்கே வாங்கியதையும், எதிலும் மாட்ட முடிய வேண்டும் என்பதுதான். ஆளைக் கேட்காமல் பொருந்துவதற்காகச் செய்யப்பட்ட பொருளை, ஆளைப் பார்த்து விற்கிறோம்.

கடை மொழி இன்னும் சுவாரசியமானது. வெளிப்பக்கம் மரை உள்ள முனை 'மேல்', உள்பக்கம் மரை உள்ள முனை 'ஃபீமேல்'. யாரும் வெட்கப்படாமல், யோசிக்காமல் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற சொற்கள். புகுவது ஆண், ஏற்பது பெண் என்ற பழைய பாடம் இரும்பிலும் பித்தளையிலும் வார்க்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஷவர் ஹோஸ் இரண்டு முனையிலும் பெண். சுவரில் இருக்கும் மிக்ஸரையும் கையில் பிடிக்கும் ஷவரையும் இணைத்து, நடுவில் வளைந்து கொடுத்து, அழுத்தத்தைத் தாங்கி, வெடிக்கிற வரை யார் கண்ணிலும் படாமல் இருப்பது. நம் வீடுகளில் இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உவமையை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று அந்த நட்டுக்குள்ளே இருக்கிறது. ஐம்பது பைசா அகலத்துக்கு ஒரு ரப்பர் வாஷர். ஷவர் ஹோஸில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது மரை இல்லை, அந்த வாஷர்தான். மரை செய்வதெல்லாம் வாஷரைக் குழாயின் விளிம்போடு சமமாக அழுத்திப் பிடிப்பது. அதனால் கையால் இறுக்கி, பிறகு துணி சுற்றி ஸ்பேனரால் கால் சுற்று திருப்பினால் போதும். முழு பலத்தையும் காட்டி இறுக்கினால் வாஷர் நசுங்கிப் பிதுங்கும், பிளாஸ்டிக் நட்டாக இருந்தால் விரிசல் விடும். அதற்குப் பிறகுதான் நிஜமான ஒழுகல் ஆரம்பிக்கும். டெஃப்லான் டேப்பும் இந்த இடத்தில் தேவையில்லை. சுவருக்குள் போகிற, மரையே தண்ணீரைத் தடுக்க வேண்டிய இணைப்புகளுக்கு உரியது அது.

'ஆம்பளைக் கை பட்டாதான் இறுகும்' என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம். ஊறுகாய் ஜாடி மூடியிலிருந்து கேஸ் சிலிண்டர் வரை இதே வசனம். இந்த ஒரு வேலையில், பலம்தான் பொருளைக் கெடுக்கிற காரணி. அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய 'த்ரோயிங் லைக் எ கேர்ள்' என்ற கட்டுரை, பெண்கள் தங்கள் உடலின் முழு ஆற்றலையும் ஒரு வேலைக்குள் செலுத்தத் தயங்குவதை விவரிக்கிறது. அந்தத் தயக்கம் பிறவியில் வந்ததல்ல, பழக்கத்தால் ஊட்டப்பட்டது என்பது அவர் வாதம். நமக்கு இன்னும் ஒரு படி சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வேலைக்கு எவ்வளவு பலம் தேவை என்ற தகவலே நம்மிடம் வந்து சேர்வதில்லை. அப்பா குழாய் மாற்றும்போது பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவன் பையன். பிளம்பர் வரும்போது அவருக்குக் காபி போடப் போகிறவள் பெண். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்பது ஒருவனுக்குத் தெரிகிறது, இன்னொருத்திக்கு மர்மமாகிறது. பிறகு அந்த மர்மத்துக்கு 'டெக்னிக்கல்' என்று பெயர் வைக்கிறோம்.

தமிழில் குழாயை அரசியலாக எழுதிக் காட்டிய கதை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. 1988இல் க்ரியா வெளியிட்ட அதே தலைப்பிலான தொகுப்பில் இருக்கிறது. சமையலறையின் அதிகாரம், மாமியார், மருமகள், உணவு, மூப்பு என்றெல்லாம் அந்தக் கதையை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதில் வரும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. பெரிய வீடு, அறைக்கு மேல் அறையாகக் கட்டிக்கொண்டே போகிற குடும்பம். சமையலறைத் தொட்டியோ ஒரு தட்டைக்கூட வைக்க முடியாத அளவுக்குச் சின்னது. குழாயைத் திறந்தால் தண்ணீர் நிற்பவளின் காலடியில் தேங்கும். நாள் முழுக்க ஈரத்தில் நின்று பெண்களின் பாதங்களில் வெடிப்பு. மருமகள் மீனாட்சி கேட்பது புரட்சியை இல்லை. வராந்தாவைக் கொஞ்சம் அகலமாக்கி, பாத்திரம் கழுவப் பெரிய தொட்டி வைக்கலாமே என்கிறாள். அது நடப்பதில்லை. கடைசியில் கிடைப்பது துணி காயப்போடக் கொடி. ஜன்னல் வழியாகத் தெரிந்துகொண்டிருந்த மலையும் துணிக்குப் பின்னால் மறைந்துபோகிறது.

இந்தக் கதையைப் படிக்கும்போது நான் கவனிப்பது: தொட்டி எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்த ஆண், அதன் முன்னால் ஒரு நாள்கூட நின்றவர் இல்லை. நின்று நின்று பாதம் வெடித்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒரு யோசனை மட்டும் உண்டு, முடிவு கிடையாது. நம் அடுக்ககக் குளியலறைகளும் அப்படியே. மிக்ஸரை எந்த உயரத்தில் வைப்பது, கை ஷவரின் கொக்கி எங்கே, தரையில் சோப்புத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம், குழந்தையையோ முதியவரையோ ஒருநாளும் குளிப்பாட்டாத கைகள் தீர்மானித்தவை. அம்பை ஒரு சமையலறைத் தொட்டியை வைத்துச் சொன்னதை நான் ஒரு ஹோஸின் நீளத்தை வைத்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நீளம்தான் உண்மையில் தேர்வு செய்ய வேண்டிய விஷயம். கடைக்காரர் யோசிக்காமல் ஒரு மீட்டர் ஹோஸை எடுத்துப் போட்டார். அது ஹெல்த் ஃபாசெட்டுக்குச் சரி. உட்கார்ந்து குளிக்கிறவருக்கு அது முதுகைத் தாண்டாது. நான் வீட்டிலேயே, பூ அளப்பதுபோல முழம் போட்டு அளந்துவைத்திருந்தேன். மிக்ஸரிலிருந்து நாற்காலியில் இருக்கும் அம்மாவின் தோள், அங்கிருந்து பாதம், நடுவில் மடங்காமல் வளைய ஒரு சாண். மூன்று முழத்துக்குச் சற்று மேல், அதாவது ஒன்றரை மீட்டர். இரண்டு மீட்டர் வாங்கினால் மிச்சம் தரையில் சுருண்டு கிடக்கும், இடுப்பில் உலோகம் பொருத்திய ஒருவரின் காலில் மாட்டும். எந்தச் சாரும் வந்து சொல்லியிருக்க முடியாத சைஸ் இதுதான். இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒருவரை உட்காரவைத்துக் குளிப்பாட்டியிருப்பது.

பொருளின் தரத்திலும் இப்படித்தான். வெளியே பளபளக்கும் ஸ்டீல் சுருள் ஒரு கவசம் மட்டுமே. தண்ணீர் ஓடுவது உள்ளே இருக்கும் ரப்பர் அல்லது பி.வி.சி. டியூபில். எங்கள் பழைய ஹோஸில் ஸ்டீல் அப்படியே இருந்தது, உள் டியூப் வெடித்து சுருளின் இடுக்கு வழியாகப் பீய்ச்சியது. எனவே கடையில் பளபளப்பைப் பார்த்துப் பயனில்லை. கையில் எடுத்து எடை பார்க்கலாம்: பித்தளை நட் கனக்கும், முலாம் பூசிய பிளாஸ்டிக் நட் கனக்காது. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப்போய்ச் சுருளில் வைத்துப் பார்க்கலாம்: பலமாக ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு, ஊரப்பாக்கத்து உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஹோஸை லேசாக வளைத்து, விட்டால் மடிப்பு நிற்கிறதா என்று பார்க்கலாம். இரண்டு முனையிலும் வாஷர் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளலாம். முருங்கைக்காயை வளைத்து, தேங்காயை ஆட்டி, வெண்டைக்காயின் நுனியை ஒடித்து வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் புதுக் கலை இல்லை. காய்கறிக் கடையில் நம்மைப் பார்த்தால் 'ஏமாத்த முடியாது' என்று சொல்லும் ஊர், ஹார்டுவேர் கடையில் அதே கையை நம்ப மறுக்கிறது.

அன்று அந்தக் கடையில் காந்தத்தை எடுத்தபோது பக்கத்தில் இருந்த இளைஞர் சிரித்தார். 'மரை கழண்ட கேஸ்' என்று யாராவது சொல்லியிருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். மரையைப் பற்றிப் பேசும் பெண்ணுக்கு நம் மொழி தயாராக வைத்திருக்கும் பட்டம் அது.

பொருட்களின் அளவும் எடையும் இயற்கையாக அமைந்தவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். லண்டன் அச்சுக்கோப்பாளர்களைப் பற்றி 'பிரதர்ஸ்' என்ற நூலை 1983இல் எழுதிய சிந்தியா காக்பர்ன் அதை மறுக்கிறார். அச்சுத் தொழிலாளர்கள் தங்கள் வேலை கனமானது, பெண்களால் தூக்க முடியாதது என்று வாதிட்டே பெண்களை வெளியே நிறுத்தினார்கள். ஒரு தடவையில் எவ்வளவு தூக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்தது என்பதுதான் காக்பர்ன் கேட்கும் கேள்வி. நம் சிமென்ட் மூட்டை 50 கிலோ. அது 25 கிலோவாக இருந்தாலும் வீடு எழும்பும். வேலையின் அலகே ஒரு வாசற்கதவு. யாருக்காகத் திறக்கும் என்று முன்கூட்டியே தீர்மானித்துச் செய்யப்படுகிறது.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல சாட்சி உண்டு, அடிபம்பு. 1970களில் உருவாகி நாடு முழுக்கப் பரவிய இந்தியா மார்க் 2 அடிபம்பு உறுதியானது. ஆனால் ஆழத்தில் இருக்கும் சின்னத் தோல் வாஷரை மாற்ற வேண்டுமென்றாலும் கிணற்றுக்குள் இறங்கிய இரும்புக் குழாய்களை எல்லாம் ஒவ்வொன்றாக மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டியோடும் கருவிகளோடும் ஒரு குழு நகரத்திலிருந்து வர வேண்டும். வருகிறவரை கிராமத்துப் பெண்கள் குடத்தோடு நடந்தார்கள். 1980களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் செய்த களச் சோதனைகளின் வழியே மார்க் 3 உருவானது. அதில் குழாயை அகலமாக்கினார்கள். உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் அதன் வழியாகவே வெளியே எடுக்கலாம், குழாயைக் கழற்ற வேண்டாம். ஊர்க்காரர்களே பழுதுபார்க்க முடிய வேண்டும் என்பதை வடிவமைப்பின் நிபந்தனையாக வைத்ததால் கிடைத்த மாற்றம் இது. யாரால் முடியும் என்பது உடலில் மட்டும் எழுதியிருப்பதில்லை, குழாயின் விட்டத்திலும் எழுதியிருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் உத்தரப்பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் மகிளா சமாக்யா திட்டத்தின் கீழ் அடிபம்பு மெக்கானிக்குகளாகப் பயிற்சி பெற்ற பெண்களையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் தலித், கோல் பழங்குடிப் பெண்கள். தண்ணீரைத் தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கைகள், ஊருக்கே தண்ணீர் வரும் இயந்திரத்தைக் கழற்றி மாட்டின. எந்தப் பம்பில் என்ன பழுது, என்ன உதிரி மாற்றினோம் என்று எழுதிவைக்க வேண்டிய தேவை வந்தபோது, எங்களுக்கு எழுதப் படிக்கவும் சொல்லிக்கொடுங்கள் என்று அவர்களே கேட்டார்கள். ஸ்பேனரிலிருந்து எழுத்துக்குப் போன பாதை அது. நாம் பொதுவாக அதைத் தலைகீழாகவே கற்பனை செய்கிறோம்: முதலில் பெண் படிப்பாள், பிறகு ஒருநாள் கருவியைத் தொடுவாள். பட்டமும் முதுகலைப் பட்டமும் வாங்கிய நான் நாற்பத்தாறு வயதில் முதல் ஸ்பேனர் வாங்கினேன் என்பது அந்தக் கற்பனையின் தோல்விக்கு ஒரு சான்று.

சனிக்கிழமை மதியம் வேலையைத் தொடங்கினேன். பழைய நட் அசையவில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு, நட்டைச் சுற்றி வெள்ளையாக இறுகிக் கிடந்தது. குளியலறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு துணியில நனைச்சுச் சுத்தி வை. தவலையில உப்புப் படிஞ்சா அப்படித்தானே எடுப்போம்" என்றார். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது வேதியியல். அதை அம்மா பாடத்தில் படிக்கவில்லை, ஐம்பது வருஷம் பாத்திரம் தேய்த்ததில் படித்தார். ஒரு மணி நேரம் கழித்துத் துணியை எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது வெள்ளை உதிர்ந்தது. முலாம் போய்விடும் என்பதால் அதற்கு மேல் ஊறவிடவில்லை.

அடுத்து என் தவறு. எல்லாக் குழாயும் வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும், இடஞ்சுழியாகத் திருகினால் கழலும் என்று தெரியும். பத்து நிமிடம் இடஞ்சுழியாகத் திருப்பியும் நட் இறுகிக்கொண்டே போனது. மிக்ஸரின் வாய் கீழ்நோக்கி இருக்கிறது, நானோ மேலிருந்து குனிந்து பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். மேலிருந்து பார்த்தால் திசை மாறிவிடும். நட்டுக்குக் கீழே தலையைக் கொண்டுபோய், மேலே ஏறிட்டுப் பார்க்கிற நிலையில்தான் அந்த விதி பொருந்தும். தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். அரைத் திருப்பில் கழன்றது. எங்கே நின்று பார்க்கிறாய் என்பதைப் பொறுத்து விதி தலைகீழாகும் என்று பெண்ணியம் வகுப்பறையில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஈரத் தரையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது அன்றுதான்.

மற்றது சுலபம். மெயின் வால்வை மூடி, மிச்சத் தண்ணீரை முதலிலேயே வடியவிட்டிருந்தேன். பழைய வாஷர் குழாய் முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வாஷர் சேர்ந்து ஒழுகும். எடுத்துவிட்டு, விளிம்பைத் துடைத்து, புது வாஷர் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கையால் இறுக்கி, துணி சுற்றிக் கால் சுற்று. கூம்பு வடிவ நட் இருக்கும் முனை கை ஷவருக்கு, அதுதான் சுவர்க் கொக்கியில் உட்காரும். வால்வை மெதுவாகத் திறந்து, இணைப்பைச் சுற்றி டிஷ்யூ தாள் வைத்தேன். தாள் நனையவில்லை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் இது ஒரு வெற்றிக் கதை. 'பெண்ணால் முடியும்' என்று முடிகிற கதைகளை நாம் நிறைய வாசித்திருக்கிறோம். எனக்கு அவற்றின் மேல் இரண்டு புகார் உண்டு.

முதல் புகார் வேலைப் பட்டியலைப் பற்றியது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாய்வாளரின் 'மோர் வொர்க் ஃபார் மதர்' 1983இல் வந்த நூல். வீட்டுக்குள் அடுப்பும் இயந்திரமும் வரவர, விறகு வெட்டுவது போன்ற ஆண்களின் வீட்டு வேலைகள் மறைந்தன, பெண்களின் வேலை குறையவில்லை என்று அது காட்டுகிறது. இப்போது நான் குழாயும் மாற்றக் கற்றுக்கொண்டால் என்ன நடக்கும்? ஒழுகலுக்குக் கீழே பக்கெட் வைப்பது, நனைந்த தரையைத் துடைப்பது, பிளம்பருக்குப் போன் செய்வது, அவர் வருகிற நேரத்துக்கு லீவு போட்டு வீட்டில் இருப்பது எல்லாம் ஏற்கெனவே என் வேலை. அவற்றை யாரும் வேலையாக எண்ணியதில்லை. இப்போது கடைசிப் பத்து நிமிடமும் என் தலையில். ஆண்கள் இருக்கும் வீடுகளில் இது இன்னும் சிக்கல். 'உனக்குத்தான் தெரியுமே' என்ற ஒரு வரியில் ஓர் அறிவு கடமையாக மாறிவிடும். ஆகவே தோழிகளிடம் நான் சொல்வது: தெரிந்துகொள்வோம், ஆனால் தெரிந்ததாலேயே ஏற்றுக்கொள்ள வேண்டாம். பிளம்பரை அழைப்பது தோல்வி இல்லை, அவர் வாழ்வாதாரமும் அதுதான். அழைக்கலாமா, நானே செய்யலாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் நான் இருக்க வேண்டும். அவர் 'முழு மிக்ஸரையும் மாத்தணும்' என்று சொல்லும்போது அது உண்மையா என்று கேட்கத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்த அறிவு.

இரண்டாவது புகார் என்னைப் பற்றியது. ஹோஸ் வெடிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா சொன்னார்: "அக்கா, பாத்ரூம் கழுவும்போது பாத்தேன், அந்த டியூப் நடுவுல வீங்கியிருக்கு. மாத்திடுங்க." நான் தலையாட்டிவிட்டு மறந்துபோனேன். உண்மையைச் சொன்னால், அதை நான் தகவலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குளியலறையில் வாரம் மூன்று நாள் குனிந்து வேலை செய்கிறவர் அவர். அதன் ஒவ்வொரு ஓதமும் விரிசலும் அவருக்குத் தெரியும். அவர் வீட்டில் ஷவர் கிடையாது, தெருவுக்கு வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்துப் புழங்குகிறார். கடைக்காரர் என்னிடம் 'சார் வரலையா' என்று கேட்டதற்கு இவ்வளவு பக்கம் எழுதிவிட்டேன். அந்த அக்கா சொன்னபோது நான் மனதுக்குள் கேட்ட கேள்வியும் அதே கேள்விதான்: இவருக்கு என்ன தெரியும்? கழிவறையைத் தொடுகிற கையின் அறிவை அறிவாகக் கணக்கிடாத சாதியப் பழக்கம், 'டெக்னிக்கல்' என்ற சொல்லுக்குள் ஆண் என்பதோடு சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு மற்றதை இறுக்கிவைத்துக்கொண்டால் அந்த இணைப்பு ஒழுகாமல் இருக்காது.

திங்கட்கிழமை அவர் வந்தபோது அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கேலியாகப் பார்த்தார். பிறகு புது ஹோஸின் இணைப்பைக் கையால் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கு. ஆனா கொக்கிய இன்னும் கொஞ்சம் கீழ வச்சிருந்தா பாட்டிக்கு எட்டும்" என்றார். அம்மா உள்ளிருந்து, "அதைத்தான் நானும் ஒரு வருஷமா சொல்றேன்" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை. அம்மா சொன்னது எனக்கு நினைவே இல்லை. கொக்கியை இறக்கிவைக்க ஓடுகளில் துளை போட வேண்டும், அதற்கு டிரில் மெஷின் வேண்டும். இந்த முறை பிளம்பரை அழைக்கப்போகிறேன். எந்த உயரத்தில் துளை என்பதை அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டிவிட்டார். அக்கா அந்த இடத்தில் சோப்பால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்.